அகிம்சை பெங்களூர்ல எடுபடுமா? மரம், குப்பை, காவிரி எல்லாத்தையும் வச்சுப் பேசுவோம்

ராத்திரி_ஷிப்ட் (கே.ஆர்.புரம்)

எங்க லேஅவுட்டுக்கு வெளிய ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க. ரெண்டு பக்கமும் பெரிய மரங்கள், அத்தனையிலயும் பெயின்ட்ல நம்பர் போட்டாச்சு. ஐம்பதைத் தாண்டுது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல மூணு கட்சி. ஒரு கட்சி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மெழுகுவத்தி ஏத்திட்டு நிக்கலாங்குது. ஒரு கட்சி கோர்ட்டுங்குது. மூணாவது, பெரும்பாலும் சின்னப் பசங்க, "ஜேசிபி கண்ணாடியில நாலு கல்லு விழுந்தாத்தான் இந்த ஊருக்குக் காது கேக்கும்"ங்குது.

நான் மூணாவது கட்சி இல்ல. ஆனா முதல் கட்சியைப் பாத்தாலும் சிரிப்புதான் வருது. காந்திக்கு எதிர்ல வெள்ளைக்காரன் இருந்தான். லண்டன்ல பேர் கெட்டுடுமேன்னு அவனுக்கு ஒரு கவலையாவது இருந்தது. இங்க எதிர்ல யாரு? ஒரு கான்ட்ராக்டர், அவருக்கு மேல ஒரு ஆபீசர், அவருக்கும் மேல ஒரு ஃபைல். ஃபைலுக்கு ஏதுங்க மனசாட்சி? பள்ளிக்கூடக் கட்டுரை வேண்டாம். இந்தப் பக்கம் நடந்ததை வச்சு யாராவது சொல்லுங்க.

அல்சூர்க்காரன்

தம்பி, நான் எழுபதைத் தாண்டியவன். 1991 டிசம்பரை அல்சூரில் இருந்தபடி பார்த்தவன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியான கையோடு ஊர் பற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் தையல்கடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் கடைக்காரரே இரவோடு இரவாகத் தார் பூசினார். தூரிகைகூடக் கிடையாது, பழைய சாக்கைச் சுருட்டி அதில் தொட்டுத்தான் பூசினார். பதினாறுக்குக் குறையாத உயிர்கள் போயின. 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடியும். டிப்போவில் நிறுத்தியிருந்த தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் வரிசையாக எரிந்தன, ஊரின் ஒரு பகுதியில் ஊரடங்கு.

கல் எறியலாம் என்கிற பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள்: உங்கள் கல் ஜேசிபியின் மேல் விழும், சரி. அடுத்த கல் யார் வீட்டில் விழும்? பிழைக்க வந்த ஊரில், பேச்சிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிற ஊரில், அதை எண்ணாமல் எறிய முடியாது.

அல்சூர் ஏரி பக்கத்தில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலை திறந்தது. இரண்டு முதல்வர்களும் இரண்டு ஊருக்கும் போனார்கள். பேசித்தான் திறந்தது.

ஹெச்எஸ்ஆர்_2பிஹெச்கே

மரியாதையோட சொல்றேன் சார், நீங்க சொல்றது பயம். பயத்துக்கு அகிம்சைன்னு பேர் வைக்கக் கூடாது. கோழைத்தனமா வன்முறையான்னு ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னா வன்முறையை எடுன்னு காந்தியே 1920ல எழுதியிருக்கார். சிலை கதையும் எனக்கு அகிம்சையா படல. ரெண்டு அரசாங்கம் கணக்குப் போட்டுக் கைகுலுக்கின கதை.

நம்பருக்கு வருவோம். எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1900ல இருந்து 2006 வரைக்கும் 323 இயக்கங்களை எடுத்துப் பாத்தாங்க. ஆயுதம் எடுக்காத இயக்கங்கள்ல 53 சதவீதம் ஜெயிச்சிருக்கு, எடுத்ததுல 26. எல்லாரும் இதை ஃபார்வர்டு பண்ணுவாங்க. ஆனா அந்தக் கணக்கு ஆட்சியைக் கவுக்கிறது, அன்னியப் படையை விரட்டுறது மாதிரி விஷயத்துக்கு. ஏரிக்கும் மரத்துக்கும் அதைத் தூக்கிட்டு வர முடியாது. பெள்ளந்தூர் ஏரி 2015ல எரிஞ்சது, 2017ல எரிஞ்சது, 2018 ஜனவரியில ராணுவமே வந்து அணைச்சது. அங்க எந்த சர்வாதிகாரியைக் கவுக்கிறது? நுரை வர்றது நம்ம சோப்புத் தூள்லயும் நம்ம கக்கூஸ் தண்ணியிலயும் இருந்து. எதிரி என் வாஷிங் மெஷின். அதுக்கு எதிர்ல நான் உண்ணாவிரதம் இருக்கணுமா?

குப்பைக்காரி

2பிஹெச்கே, கடைசி ரெண்டு வரியிலதான் உண்மையான கேள்வியைக் கேட்டிருக்கீங்க. அதுக்குப் பதில் ராத்திரி_ஷிப்ட் வீட்டுப் பக்கத்துலயே இருக்கு: மண்டூர்.

பழைய மெட்ராஸ் ரோடு வழியா, புதிகெரே கிராஸ் தாண்டி. நம்ம ஊர்க் குப்பை பிரிக்காம கொள்ளாம லாரி லாரியா அங்கதான் போய்க் கொட்டிச்சு. நான் அப்ப ஒரு வார்டுல கசா, அதாவது குப்பை, பிரிக்கிற வாலன்டியர் கூட்டத்துல இருந்தேன், ரெண்டு மூணு பேரா அங்க போய்ப் பாத்தோம். ஒரு அம்மா போர்வெல் தண்ணியை எவர்சில்வர் டம்ளர்ல பிடிச்சுக் காட்டினாங்க. மேல எண்ணெய்ப் படலம், அடியில பழுப்பா ஒரு வண்டல். "குடிங்க"ன்னாங்க. கோபமாக்கூடச் சொல்லல. நாங்க யாரும் டம்ளரை வாங்கல.

அந்த ஊர்க்காரங்க மெழுகுவத்தி ஏத்தல, லாரியைக் கொளுத்தவும் இல்ல. ரோட்டுல உக்காந்தாங்க, அவ்வளவுதான். லாரி வரக் கூடாது. 2014ல போலீஸ் பந்தோபஸ்தோட லாரியை உள்ள விட்டாங்க, அப்பவும் விடாம நின்னாங்க. கடைசியில முதலமைச்சரே தேதி குறிச்சுச் சொல்ல வேண்டியதாச்சு. அந்த வருஷம் டிசம்பர் 1ல இருந்து மண்டூருக்கு லாரி போகல.

இதுல யாரோட மனசு மாறிச்சு? ஒருத்தர் மனசும் மாறல. லாரி நின்னதும் குப்பை எங்கயும் போகல, அது எங்க கிளம்பிச்சோ அங்கயே நின்னுச்சு. 2012ல மாவள்ளிபுரா குப்பைமேட்டை மூடினப்பவே இது நடந்தாச்சு. இந்திராநகர், கோரமங்களா தெருமுனை எல்லாம் நாறிச்சு. அப்பத்தான் அப்பார்ட்மென்ட் ஆட்கள் முதல் தடவையா "பிரிச்சுப் போட்டா என்ன?"ன்னு கேட்டாங்க. 2015 டிசம்பர்ல ஹைகோர்ட் ரெண்டு தொட்டி ஒரு பைன்னு உத்தரவு போட்டது. பச்சைத் தொட்டி ஈரக்குப்பைக்கு, சிவப்பு டயப்பர் மாதிரி ஐட்டத்துக்கு, பை உலர்ந்ததுக்கு. இன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல ஆட்டோ டிப்பர்க்காரர் "ஹசி கசா, ஒண கசா"ன்னு ஈரம் தனியா, உலர்ந்தது தனியா கேட்டு வாங்குறாரே, அது கமிஷனர் கனவு கண்டு வந்ததுன்னு நினைக்காதீங்க. மண்டூர், மாவள்ளிபுராக்காரங்க "உன் அழுக்கை இனி நான் வாங்க மாட்டேன்"னு சொன்னதால வந்தது.

எனக்குத் தெரிஞ்ச ஒத்துழையாமை இதுதான். எதிராளி நல்லவனா இருக்கணும்னு அதுக்கு அவசியமே இல்ல. நீ எதைக் கொடுக்கிறதால அவன் வண்டி ஓடுதோ அதைக் கொடுக்காத. உப்புக்கும் அதே கதைதான். 1930ல தண்டியிலயும் வேதாரண்யத்துலயும் உப்பு அள்ளினது கவர்னர் கண்ணுல தண்ணி வரணும்னு இல்லயே. வரி கட்டாத உப்பை ஊரே அள்ள ஆரம்பிச்சா ஜெயில்ல இடம் பத்தாது.

மெழுகுவத்தியில என்ன குறைன்னா, அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவருக்கு ஒரு செலவும் கிடையாது. எதிர்ல இருக்கிறவருக்கும் கிடையாது.

ராத்திரி_ஷிப்ட் (கே.ஆர்.புரம்)

மண்டூர் லாரி எங்க மெயின் ரோட்டுலதான் போகும், காம்பாக்டர்ல இருந்து வழியுற தண்ணியில டூவீலர் வழுக்கும். அது ஏன் நின்னுச்சுன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல. ஆனா அக்கா, லாரி நின்ன பிறகு குப்பை எங்க போச்சு?

குப்பைக்காரி

பெள்ளஹள்ளி கல்குவாரிக்கு. அப்புறம் மிட்டகானஹள்ளி. வேற ஊர், வேற போர்வெல். பிரிக்கிறது பாதிதான் நடக்குது, மிச்சம் இன்னும் யாரோ ஒருத்தர் ஊருக்குத்தான் போகுது. இதை மறைக்க நான் விரும்பல.

தங்கவயல்_பேத்தி

அக்கா நேர்மையா சொல்லிட்டாங்க, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் மாரிக்குப்பம் ரயில்ல தினம் பெங்களூர் வந்து போற ஆளு. எங்க தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்துல இறங்கினவர். 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடினாங்க, தங்கம் எடுத்த மிச்சத்தை அப்படியே விட்டுட்டாங்க. சயனைடு மேடுன்னு சொல்வோம், ஊருக்கு நடுவுல சாம்பல் கலர்ல மலை மாதிரி. காத்து அடிக்கிற மாசத்துல கொடியில துணி காயப் போட முடியாது. நாங்க யார் லாரியை மறிக்கிறது? லாரியும் போயிடுச்சு, கம்பெனியும் போயிடுச்சு. நீங்க சொல்ற ஒத்துழையாமைக்கு கையில கொடுக்காம இருக்க ஏதாவது ஒண்ணு வேணும். எங்ககிட்ட மேடுதான் இருக்கு, அதை யாரும் கேக்கல.

இன்னொண்ணு. அகிம்சைன்னதும் எல்லாரும் தண்டிக்குப் போறீங்க. 1927 மார்ச் 20, மகாட். அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோட நடந்து போய், தலித்துகளைத் தொட விடாத சவுதார் குளத்துல தண்ணி அள்ளிக் குடிச்சார். போராட்டமே அதுதான், தண்ணி குடிக்கிறது. திரும்பி வந்தவங்களை மேல்சாதிக்காரங்க அடிச்சாங்க, திருப்பி அடிக்க வேண்டாம்னு அவர்தான் தடுத்தார். அப்புறம் 108 பானையில சாணி, கோமியம், பால், தயிர் ஊத்திக் குளத்துக்குத் தீட்டுக் கழிச்சாங்க. அகிம்சையைப் பாத்து உருகின மனசு அது! கேஸ் நடந்து பாம்பே ஹைகோர்ட் தீர்ப்பு வர 1937 ஆச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி, 1932ல, காந்தி எரவாடா ஜெயில்ல உண்ணாவிரதம் இருந்தது யாரை வழிக்குக் கொண்டு வர? தனி வாக்காளர் தொகுதி கேட்டவங்களை. உண்ணாவிரதம் எப்பவும் பலவீனமானவன் கையில இருக்கிற ஆயுதம் இல்ல. பல சமயம் அது பலமானவன் கையிலயும் இருக்கும். அதையும் சேர்த்துப் பேசுங்க.

மன்னார்குடி_டு_மாரத்தஹள்ளி

நல்ல இழை. ஒரு ரெண்டு விஷயம் மட்டும்.

பேத்தி கேட்டது நியாயம், அதனாலயே காந்தியவாதித் தம்பதி ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பேரைச் சொல்லணும். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணிக்கு அப்புறம் எங்க பக்கம் வந்து தங்கினவங்க. தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பேர்ல, நிலம் வாங்கிக் கொடுக்கிறதையே வேலையா வச்சிருந்தாங்க. 90கள்ல கடலோரம் பூரா இறால் பண்ணை வந்துச்சு. வயலை விலைக்கு வாங்கி, கரையைக் கட்டி, கடல் தண்ணியை பம்ப் பண்ணி உள்ள விடுவாங்க. உப்பு கீழ இறங்கும், ரெண்டு வருஷத்துல பக்கத்துக் கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது, நாத்து கருகும். நடவுக்குப் போன பொம்பளைங்களுக்கு வேலை இல்ல. இறால் பண்ணைக்கு அத்தனை ஆள் வேண்டாம். எதிர்த்தவங்க அடி வாங்கினாங்க, கேஸ் வாங்கினாங்க. அந்த வயசுல ஜெகந்நாதன் ஊர் ஊரா நடந்தார், கூடவே சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு அவர் பேர்லதான் இருக்கு: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இருக்கிற பண்ணைகளை இடிக்கணும், கெடுத்தவனே நஷ்டஈடு கொடுக்கணும்.

கைதட்டுறதுக்கு முன்னாடி மிச்சத்தையும் கேளுங்க. 2005ல பார்லிமென்ட் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டு வந்து, முன்தேதியிட்டு அந்தத் தீர்ப்போட பல்லைப் பிடுங்கிட்டாங்க. பண்ணை இன்னைக்கும் இருக்கு. நடந்தே ஜெயிச்சதை உக்காந்த இடத்துல ஒரு கையெழுத்துல கவுக்க முடியும்னு எனக்கு அங்கதான் புரிஞ்சது.

ரெண்டாவது, அல்சூர் ஐயாவுக்கு. 2003ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்னு ரெண்டு மாநில விவசாயிகளையும் உக்கார வச்சு காவிரிக் குடும்பம்னு ஆரம்பிச்சாங்க. மண்டியாக்காரர் தஞ்சாவூர் வந்து பாத்தார், எங்க ஆட்கள் அங்க போய்ப் பாத்தாங்க. பங்கீடு அதுல தீரல, 2018 பிப்ரவரியில கோர்ட்தான் 177.25 டிஎம்சின்னு முடிச்சுது. ஆனா எங்க பெரியப்பா போய்ட்டு வந்து சொன்னது: "அவன் ஊர்லயும் மதகுக்காரன் திட்டு வாங்கிட்டுத்தான்டா இருக்கான்." அந்தத் தீர்ப்புல பெங்களூர் குடிதண்ணிக்குன்னு 4.75 டிஎம்சி தனியா இருக்கு. அதைக் குடிக்கிறதுல நாமளும் சேத்தி. டெல்டாக்காரனா சண்டை போட்டுட்டு பெங்களூர்க்காரனா ஷவர்ல நிக்கிறேன். எந்தப் பக்கம் நின்னு கல் எறியறது?

பசவனகுடி_பையன்

நடுவுல ஒரு துணுக்கு. 1927ல காந்தி உடம்பு சரியில்லாம நந்தி மலையிலயும் பெங்களூர்லயும் சில மாசம் இருந்தார். சும்மா இருக்கல, ஆடுகோடி பக்கம் இருந்த பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் மாடு வளர்ப்பு பாடம் படிச்சார். வருகைப் பதிவேட்டுல சபர்மதி விவசாயின்னு கையெழுத்து. சரி, ஜீவகாருண்யம்னு வந்துட்டோம், தெருநாயை என்ன பண்றதுன்னு யாராவது

மட்டுறுத்துநர்

நாய்க்குத் தனி இழை இருக்கு. அங்க ஏற்கெனவே நாலு பேரைத் தடை பண்ணியிருக்கேன்.

ஹெச்எஸ்ஆர்_2பிஹெச்கே

மண்டூரை ஒத்துக்கிறேன், வலுவான உதாரணம். ஆனா நடுத்தர வர்க்கம் செஞ்சதையும் தள்ளிவிட வேண்டாம். 2016 அக்டோபர் 16, ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா, அதாவது வேண்டாம்னு, சாளுக்யா சர்க்கிள்ல இருந்து ஹெப்பாள் போற ரோட்டுல மனிதச் சங்கிலி. 812 மரம் போகும்னு கணக்கு. அட்டை பிடிச்சுட்டு நின்னதைத் தவிர நாங்க வேற ஒண்ணும் பண்ணல, அடுத்த மார்ச்ல அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டுச்சு. ஐடி ஆள் ரோட்டுக்கு வந்ததே அவங்களுக்கு அதிர்ச்சி.

குப்பைக்காரி

சங்கிலி மட்டும் இல்ல, கேஸ் நடந்தது, லஞ்சக் குற்றச்சாட்டு கிளம்பினது, அதையும் சேர்த்துக்கோங்க. இப்ப அதே ஹெப்பாள்ல இருந்து சில்க் போர்டுக்கு சுரங்கப்பாதைங்கிறாங்க. மேல போறதை நிறுத்தினா கீழ போறான்.

அப்புறம் அந்தச் சங்கிலியை இன்னைக்கு அதே ரோட்டுல போட்டா தூக்கி வேன்ல ஏத்திடுவாங்க. 2021 உத்தரவுக்கு அப்புறம் ஊர்ல எந்தப் போராட்டமும் ஃப்ரீடம் பார்க்லதான். பழைய சென்ட்ரல் ஜெயில், எமர்ஜென்சியில தலைவர்களை அடைச்சு வச்ச இடம். அங்க போய் கேட்டுக்குள்ள கத்தலாம், வெளிய டிராஃபிக் ஓடிக்கிட்டே இருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத போராட்டத்துக்கு பர்மிஷன் தர்றதுல அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்? 2022 ஜூலையில பௌரகார்மிகர்கள், அதாவது துப்புரவுப் பணியாளர்கள், அங்கதான் உக்காந்தாங்க. ஆனா அவங்க கேட்டது நடக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் பார்க் இல்ல, வேலைநிறுத்தத்துல தெருவெல்லாம் குப்பை கிடந்ததுதான்.

ராத்திரி_ஷிப்ட், உங்க மரத்துக்கு: ஐம்பது மரத்துக்கு மேல வெட்டணும்னா கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேக்கணும். அதனாலயே கான்ட்ராக்டர்கள் ரோட்டைத் துண்டு துண்டாக் காட்டி ஐம்பதுக்குக் கீழ கொண்டு வருவாங்க. ஞாயித்துக்கிழமை மெழுகுவத்திக்குப் பதிலா டேப் எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு மரத்தோட சுற்றளவு, பெயின்ட் நம்பர், போட்டோ எல்லாத்தையும் எழுதுங்க. மர அதிகாரிக்கு வீட்டுக்கு ஒரு கடிதமா போகட்டும், ஒரே கடிதத்துல நூறு கையெழுத்து வேண்டாம். நூறு கடிதம்னா நூறுக்கும் பதில் சொல்லியாகணும்.

அல்சூர்க்காரன்

கடிதம் கன்னடத்தில் இருக்கட்டும். எழுதி அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன். 2பிஹெச்கே தம்பி என் பயத்தைப் பற்றிச் சொன்னது சரியா தவறா என்று தெரியாது. தார் பூசியவர் மறுமாதம் பலகையைத் துடைத்துத் தமிழையும் கன்னடத்தையும் சேர்த்து எழுதிக் கடையைத் திறந்தார். கன்னடக்காரர்களும் அவரிடம்தான் தைத்தார்கள்.

தங்கவயல்_பேத்தி

மரக் கடிதத்துல என் பேரையும் போட்டுக்கோங்க. ஆனா நான் கேட்டதை யாரும் தொடல: இந்த ஒத்துழையாமையில கஷ்டத்தை யார் சுமக்கிறது? மண்டூர்ல கூலியை விட்டுட்டு உக்காந்தாங்க. பௌரகார்மிகர் சம்பளத்தை விட்டுட்டு உக்காந்தாங்க. அப்பார்ட்மென்ட்காரங்க எதை விட்டீங்க? வரி கட்ட மாட்டோம்னு ஒரு வருஷம் சொல்ல முடியுமா? ஏப்ரல்ல கட்டினா 5 சதவீதம் தள்ளுபடின்னு முதல் ஆளா கட்டுறவங்க நாம.

பெரிசா வேண்டாம், ஒரு சின்ன விஷயம். எங்க ஊர்க்காரர் பெஜவாடா வில்சனும், கையால மலம் அள்ளுறதை ஒழிக்கப் போராடுற அவர் இயக்கமும் 2015 டிசம்பர்ல இருந்து 125 நாள் நாடு பூரா பஸ்ல போனாங்க, பீம் யாத்திரை. எங்களைக் கொல்றதை நிறுத்துங்க, அவ்வளவுதான் கோரிக்கை. மலம் அள்ள வைக்கிறதைத் தடை பண்ற 2013 சட்டம் வந்தாச்சு. தொட்டியில செத்தா 10 லட்சம்னு 2014லயும், 30 லட்சம்னு 2023லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. இந்த ஊர் அப்பார்ட்மென்ட் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு, தொட்டியில இறங்கி ஆள் செத்தது அதுக்கு அப்புறமும் நடந்திருக்கு. அகிம்சை பேசுற எல்லாரும் உங்க பில்டிங் எஸ்டிபி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. தொட்டியை யார், எப்படிக் கழுவுறாங்கன்னு அதுல என்ன எழுதியிருக்கு?

ஹெச்எஸ்ஆர்_2பிஹெச்கே

நீங்க கேட்டதும் செகரட்டரிகிட்ட வாங்கிப் பாத்தேன். மோட்டார், ப்ளோயர், ஃபில்டர் எல்லாத்துக்கும் ஒரு பக்கம் இருக்கு. தொட்டி சுத்தம் செய்யறதுக்கு ஒரே வரி: "தேவைக்கேற்ப." ஆள் இறங்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. ஏஜென்சிக்கு போன் பண்ணினேன். மெஷின் வச்சு உறிஞ்சலாம் சார், ஆனா ரேட் வேறன்னார். இப்ப எப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். "பசங்க பாத்துக்குவாங்க சார்."

வீட்டுக்கு மாசம் கொஞ்சம் மெயின்டனன்ஸ் ஏறும். ஜெனரல் பாடி மீட்டிங்ல வைக்கிறேன். எங்காளுங்க ஜிம் டிரெட்மில்லுக்கு அஞ்சு நிமிஷத்துல ஓகே சொல்வாங்க, இதுக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவாங்க.

தங்கவயல்_பேத்தி

சண்டை போடட்டும். எத்தனை கை மேல போச்சுன்னு மட்டும் இங்க வந்து போடுங்க. அந்தப் பசங்க யாரு, எந்த ஊருன்னும் கேட்டுட்டு வாங்க.

ஹெச்எஸ்ஆர்_2பிஹெச்கே

போடறேன்.